வயலுக்கும் மாட்டுக்கும் முகாமில் இடமில்லை

2004 ஜூலையில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஓர் அறிவிப்பை வெளியிட்டது. கரீபியக் கடலில் உள்ள மாண்ட்செராட் தீவிலிருந்து எரிமலைக்குத் தப்பி வந்து, 1997 முதல் தற்காலிகப் பாதுகாப்பின் பெயரில் அமெரிக்காவில் தங்கியிருந்த சுமார் 300 பேருக்கு அந்தப் பாதுகாப்பு 2005 பிப்ரவரியோடு முடிகிறது என்பதுதான் அறிவிப்பின் சாரம். எரிமலை அடங்கிவிட்டதா என்றால், இல்லை. அது அடங்காததுதான் காரணமே. மலை இன்னும் நெடுங்காலம் குமுறிக்கொண்டிருக்கும் என்று தெரிகிறது. ஆகவே இதைத் தற்காலிக ஆபத்தாகக் கருத முடியாது. தற்காலிக ஆபத்துக்குத்தான் சட்டத்தில் இடம் உண்டு. எனவே நீங்கள் கிளம்பலாம். சட்டத்தின் எழுத்துப்படி பார்த்தால் இந்த வாதத்தில் ஓட்டை கிடையாது. ஆபத்து முடியவில்லை என்பதையே காரணம் காட்டி அடைக்கலத்தை முடித்துவைத்த அந்த அதிகாரிகளைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று திட்டிவிட்டு நகர்வது சுலபம். ஆனால், உலகின் நிவாரண அமைப்பு முழுவதும் எந்தக் கணக்கில் இயங்குகிறதோ அதே கணக்கைத்தான் அவர்களும் போட்டார்கள்.

வெள்ளம் வரும், வடியும். புயல் கரையைக் கடக்கும். நிலநடுக்கம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு இடிபாடுகளை அகற்றலாம். சில வாரங்களுக்குச் சோறு, சில மாதங்களுக்குக் கூடாரம், அப்புறம் மறுவாழ்வு என்று நிவாரணத்தின் படிநிலைகள் இந்தப் பேரிடர்களைப் பார்த்து வகுக்கப்பட்டவை. எரிமலை இந்த வரிசைக்குக் கட்டுப்படாது. சில நாட்களில் ஓயலாம், சில மாதங்களில் ஓயலாம். மாண்ட்செராட்டில் நடந்ததுபோல 15 ஆண்டுகள் விட்டு விட்டு வெடிக்கலாம். ஓய்ந்த பிறகும் மலைமேல் குவிந்த சாம்பல் ஒவ்வொரு மழைக்கும் சேற்று வெள்ளமாக இறங்கி ஊர்களை மூடும். பிலிப்பைன்ஸின் பினட்டூபோ 1991 ஜூனில் வெடித்தது. பாகோலோர் என்ற ஊரைச் சாம்பல் சேறு கடைசியாக விழுங்கியது 1995 அக்டோபரில். வீட்டுக்குத் திரும்பலாமா, கூடாதா என்ற கேள்விக்கு எந்த விஞ்ஞானியும் தேதி சொல்ல முடியாத பேரிடர் இது. இந்தியாவில் குமுறும் எரிமலை என்று இருப்பது அந்தமான் கடலின் ஆளில்லாத பாரன் தீவு மட்டும்தான் என்பதால் நமக்கு இதில் அனுபவம் இல்லை. அனுபவம் உள்ளவர்களும் பெரிதாகக் கற்றுக்கொண்டுவிடவில்லை.

தேதி தெரியாத இடப்பெயர்வில் மனிதரை மட்டும் நகர்த்திவிட்டு, அவருடைய பிழைப்பை மலையடியிலேயே விட்டுவைத்தால் அவர் திரும்பிப் போவார். போய்ச் சாகவும் செய்வார். இதற்கு மாண்ட்செராட்டைவிடத் தெளிவான சாட்சியம் கிடையாது.

தக்காளி பறிக்கவும் கேரட் பிடுங்கவும்

மாண்ட்செராட் சிறிய தீவு. பரப்பளவு 102 சதுர கிலோமீட்டர். இன்றுவரை பிரிட்டனின் கடல் கடந்த ஆட்சிப் பகுதி. 1995இல் சுமார் 10,500 பேர் வாழ்ந்தார்கள். 1989 செப்டம்பரில் வீசிய ஹியூகோ புயல் அங்கே பெரும்பாலான வீடுகளைச் சேதப்படுத்தியது. பீட்டில்ஸ் குழுவின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் அங்கே நடத்திவந்த புகழ்பெற்ற ஒலிப்பதிவுக்கூடமும் அந்தப் புயலோடு மூடப்பட்டது. ஆறு ஆண்டுகள் பாடுபட்டு, தலைநகர் பிளிமத்தில் மருத்துவமனை, அரசு அலுவலகங்கள் எல்லாவற்றையும் புதிதாக எழுப்பி, அப்பாடா என்று உட்கார்ந்த நேரம். 1995 ஜூலை 18 அன்று, வரலாற்றுக் காலத்தில் வெடித்ததாகப் பதிவே இல்லாத சூஃப்ரியர் ஹில்ஸ் மலை புகையத் தொடங்கியது.

ஆகஸ்டில் பிளிமத் நகரைப் பகலிலேயே இருட்டாக்கும் அளவுக்குச் சாம்பல் பொழிந்தது. மக்கள் வடக்கே அனுப்பப்பட்டார்கள், திரும்பி வந்தார்கள். டிசம்பரில் மறுபடியும் அனுப்பப்பட்டார்கள், மறுபடியும் திரும்பினார்கள். 1996 ஏப்ரலில் மூன்றாம் முறையாக வெளியேறியவர்கள் அதன் பிறகு பிளிமத்துக்குக் குடிதிரும்பவே இல்லை. ஏட்டளவில் தீவின் தலைநகரம் இன்றும் அதுதான். ஒருவர்கூட வசிக்கவில்லை, பல கட்டடங்களில் மேல்மாடி மட்டும் சாம்பலுக்கு வெளியே நிற்கிறது.

வடக்கே அவர்களுக்குக் கிடைத்தவை தேவாலயங்கள், பள்ளிக்கூடங்கள், கூடாரங்கள், தகரக் கொட்டகைகள். மறைப்பு கிடையாது, பல குடும்பங்களுக்குப் பொதுவாகக் குழிக் கழிப்பறை. ஓரிரு வாரங்களுக்கு யாரும் இதைச் சகித்துக்கொள்வார்கள். ஆனால், சிலர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இப்படி வாழ்ந்தார்கள். வடபகுதி மண் வறண்டது, மேடுபள்ளமானது. தீவின் வளமான நிலமெல்லாம் எரிமலையின் சரிவுகளில்தான் இருந்தது. விவசாயிகளுக்கு முகாமில் உணவு கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. தென்பகுதியில் விளைந்து நின்ற பயிரையும் கட்டிவைத்த கால்நடைகளையும் யார் பார்ப்பது? நுழையக் கூடாது என்று அறிவிக்கப்பட்ட பகுதிக்குள் காலையில் போய் மாலையில் திரும்புவது பழக்கமானது. முகாமின் நெரிசல் பொறுக்காமல் சிலர் சொந்த வீட்டிலேயே போய்ப் படுத்தார்கள்.

1997 ஜூன் 25, புதன்கிழமை. மதியத்துக்குச் சற்று முன்பின்னாக மலையின் உச்சியில் குவிந்திருந்த எரிமலைக் குழம்புக் குவிமாடம் சரிந்தது. கொதிக்கும் வாயுவும் சாம்பலும் பாறையும் கலந்த பெருக்கு, ஓடைப் பள்ளங்களின் வழியே ஹாரிஸ், ஸ்ட்ரீத்தம், ஃபாரல்ஸ் பகுதிகளில் பாய்ந்தது. அதன் முன்னால் ஓடித் தப்ப எந்த மனிதனாலும் முடியாது. 19 பேர் இறந்தார்கள். பலர் தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள். கேரட்டும் தக்காளியும் கிழங்கும் விளைவித்தவர்கள்.

‘போகாதே என்று சொல்லியும் போனார்கள்’ என்று இதைக் கடந்துவிடத் தோன்றும். அன்றைக்கும் பலர் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால், ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தீவின் ஒரே விமான நிலையமும் மலையின் கிழக்குச் சரிவுக்குக் கீழே, அந்த ஆபத்தின் விளிம்பில்தான் இருந்தது. அது அன்று காலைவரை இயங்கிக்கொண்டிருந்தது. நெருப்புப் பெருக்கு விமான நிலையக் கட்டடத்தை நெருங்கி வந்து நின்ற பிறகுதான் மூடப்பட்டது. தனக்கு வேறு வழியில்லாத இடத்தில் அரசே துணிந்து ஆபத்தை ஏற்றுக்கொண்டது. தனக்கு வேறு வழியில்லாத இடத்தில் விவசாயியும் அதையேதான் செய்தார். பின்னர் நடந்த மரண விசாரணையில் ஜூரிகள் இதைப் புரிந்துகொண்டார்கள். பாதுகாப்பான வடபகுதியில் விவசாயத்துக்கு நிலம் ஏற்பாடு செய்யத் தவறியதும் முகாம்களின் கேவலமான நிலையும் இறந்தவர்களில் சிலருடைய முடிவுக்குக் காரணம் என்று பிரிட்டிஷ் அரசைக் குறிப்பிட்டே சொன்னார்கள். மலையின் சீற்றத்தில் இறந்தவர்களுக்காக, நிலம் ஒதுக்காத நிர்வாகத்தைக் குற்றம் சொன்ன தீர்ப்பு அது. நிவாரணப் பணியில் இருக்கும் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டியது.

தங்க யானை

பிரிட்டன் ஏன் தாமதித்தது? பணம் இல்லாததால் அல்ல. தீவைக் காப்பாற்றுவதா, காலி செய்வதா என்று முடிவெடுக்க முடியாததால். வெடிப்பு தீவு முழுவதையும் பாதிக்கும் என்றால் வடக்கே வீடு கட்டுவது வீண்செலவு. நாளையே ஓய்ந்துவிடும் என்றாலும் வீண்செலவு. இந்த இரண்டு சாத்தியங்களுக்கும் நடுவில் கோப்பு நகரவில்லை. லண்டனில் வெளியுறவுத் துறை ஒரு பக்கம், பன்னாட்டு வளர்ச்சித் துறை ஒரு பக்கம், தீவில் ஆளுநர் ஒரு பக்கம், மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சர் ஒரு பக்கம். யார் முடிவெடுப்பது என்பதே தெளிவில்லை என்பதை 1997 நவம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு கடுமையாகச் சுட்டிக்காட்டியது.

1997 ஆகஸ்டில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். முதலமைச்சர் பெர்ட்ரண்ட் ஆஸ்போர்ன் பதவி விலகினார். தீவை விட்டு வெளியேறுபவர்களுக்கு பிரிட்டன் அறிவித்த உதவித்தொகை போதாது என்று புதிய தலைமை சொன்னபோது, பன்னாட்டு வளர்ச்சித் துறை அமைச்சர் கிளேர் ஷார்ட், அடுத்து இவர்கள் தங்க யானை கேட்பார்கள் என்றார். அந்த வாக்கியம் அவருடைய அரசியல் வாழ்க்கை முழுவதும் அவரைத் துரத்தியது. ஏழை நாடுகளுக்கான உதவியைப் பெருக்க உண்மையிலேயே போராடியவர் அவர் என்பதையும் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்காவின் பட்டினியோடு ஒப்பிட்டால் ஒரு சின்னத் தீவுக்குத் தலைக்கு இவ்வளவு செலவா என்ற அவருடைய கேள்வி வெறும் ஆணவம் என்று தள்ளிவிட முடியாதது. அதற்குப் பதிலும் எளியதுதான். மாண்ட்செராட் பிரிட்டன் தானம் செய்யும் வெளிநாடு கிடையாது. அதன் மக்கள் பிரிட்டிஷ் முடியின் குடிமக்கள். வேல்ஸில் ஒரு மலை வெடித்திருந்தால் தலைக்கு எவ்வளவு ஆகும் என்று யாரும் கணக்குக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்தக் குடியுரிமையும் அப்போது அரைகுறையாகத்தான் இருந்தது. 1981ஆம் ஆண்டுச் சட்டம், பிரிட்டனில் போய் வாழும் உரிமையை இத்தகைய தீவுவாசிகளிடமிருந்து விலக்கிவைத்திருந்தது. எரிமலைக்குப் பிறகு, 1996இல், இரண்டு ஆண்டுகள் வந்து தங்கலாம் என்று அனுமதித்தார்கள். 1998இல் நிரந்தரமாகத் தங்கலாம் என்றார்கள். முழுக் குடியுரிமை 2002இல் வந்தது. இரண்டு ஆண்டு அனுமதியோடு லண்டனில் இறங்கும் ஒருவர் எந்த வேலையில் வேரூன்றுவார்? பிள்ளையை எந்தப் பள்ளியில் நம்பிச் சேர்ப்பார்? சட்டப்படி தங்கும் உரிமையும் ஒரு நிவாரணப் பொருள்தான். அரிசியைப் போல அதையும் முதல் வாரத்திலேயே கொடுத்திருக்கலாம், அதற்குச் செலவுகூடக் குறைவு. தீவின் மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பிரிட்டனுக்கும் ஆன்டிகுவாவுக்கும் பிற இடங்களுக்கும் சிதறினார்கள். இன்று அங்கே வாழ்பவர்கள் ஐந்தாயிரத்துக்கும் குறைவு.

பிரிட்டன் கடைசியில் செலவே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. லுக்அவுட் என்ற இடத்தில் புதுக் குடியிருப்பு எழுந்தது. 2005இல் வடக்கே புது விமான நிலையம் திறக்கப்பட்டது. எரிமலை தொடங்கிய நாள்முதல் பிரிட்டன் கொடுத்தது 400 மில்லியன் பவுண்டுக்கு மேல். இந்தத் தொகையில் ஒரு சிறு பங்கை 1996இலேயே வடக்கு நிலத்துக்கும் உருப்படியான வீடுகளுக்கும் செலவிட்டிருந்தால் 19 பேரில் பலர் பிழைத்திருப்பார்கள் என்பதுதான் ஆத்திரத்தைக் கிளப்புகிறது. எரிமலை நாளையே ஓய்ந்திருந்தாலும் அந்த வீடுகளும் நிலமும் வீணாகியிருக்காது. புயல் வரும் தீவுக்கு உறுதியான வீடு என்றைக்கும் தேவைதான். முடிவு தெரியாத நிலையில், முடிவு எப்படி வந்தாலும் பயன்படும் வேலைகள் சில உண்டு. அவற்றைத் தேடிச் செய்வதற்குப் பதிலாக, தெளிவு பிறக்கட்டும் என்று காத்திருந்தது நிர்வாகம்.

ஜார்ஜ் மார்ட்டின் 1997 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் நிதி திரட்ட ஓர் இசை நிகழ்ச்சி நடத்தினார். பால் மெக்கார்ட்னி, எரிக் கிளாப்டன், எல்டன் ஜான், ஸ்டிங் என்று பெரிய தலைகள் எல்லோரும் வந்தார்கள். திரண்ட பணத்தில் லிட்டில் பே பகுதியில் நல்ல கலையரங்கம் ஒன்று எழுந்தது. அரசின் வீட்டுத் திட்டங்களைவிட பாடகர்களின் கட்டடம் ஒழுங்காக வந்து சேர்ந்தது என்று தீவில் யாராவது கேலி பேசினால் தப்பு சொல்ல முடியாது.

கடன் எரிவதில்லை

எரிமலை வீட்டைப் புதைக்கும். வீட்டின் மேல் வாங்கிய கடனைப் புதைக்காது. ஹியூகோ புயலுக்குப் பிறகு கடன் வாங்கி வீடு கட்டிய குடும்பங்கள் மாண்ட்செராட்டில் ஏராளம். 1997இல் காப்பீட்டு நிறுவனங்கள் தீவுக்கான காப்பீட்டை நிறுத்தத் தொடங்கின. குடியிருக்க முடியாத, போய்ப் பார்க்கக்கூட அனுமதியில்லாத வீட்டுக்குத் தவணை மட்டும் நிலுவையில் நின்றது. முகாமில் தரப்படும் உணவுப் பொட்டலத்தோடு ஒப்பிட்டால் இது கண்ணுக்குத் தெரியாத துன்பம். புகைப்படம் எடுக்க முடியாது. ஆனால், ஒரு குடும்பம் மீண்டும் நிமிர்வதா, ஒடிந்துபோவதா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்தக் கடன்தான்.

இதையே வேறு விதமாகச் செய்துகாட்டிய ஊர் ஒன்று இருக்கிறது. 1973 ஜனவரி 23 அதிகாலை, ஐஸ்லாந்தின் ஹெய்மே தீவில், ஊரை ஒட்டியே பூமி பிளந்து நெருப்பு எழுந்தது. முந்தைய நாள் வீசிய புயலால் மீன்பிடிப் படகுகள் எல்லாம் துறைமுகத்திலேயே நின்றிருந்தது நல்வாய்ப்பு. அந்தப் படகுகளிலேயே சுமார் 5,300 பேரும் சில மணி நேரத்துக்குள் பெருநிலத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அடுத்து நடந்ததுதான் முக்கியம். ஓரிரு வாரங்களில் ஐஸ்லாந்து நாடாளுமன்றம் சட்டம் போட்டு ஒரு பேரிடர் நிதியம் அமைத்தது. அதற்காக நாடு முழுவதும் வரியைக் கூட்டியது. புதைந்த வீடுகளுக்கு அந்த நிதியத்திலிருந்து இழப்பீடு கிடைத்தது. வெளிநாடுகளிலிருந்து ஆயத்த வீடுகளை நூற்றுக்கணக்கில் வரவழைத்துப் பெருநிலத்தில் நிறுவினார்கள். எரிமலை ஓயுமா, ஓயாதா என்று அவர்களுக்கும் தெரியாது. தெரியாமலேயே செய்தார்கள்.

துறைமுகம் போனால் ஊரே போயிற்று என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. துறைமுக வாயை அடைக்க நகர்ந்து வந்த எரிமலைக் குழம்பின் மேல் மாதக்கணக்கில் கடல்நீரைப் பீய்ச்சி இறுக வைத்தார்கள். சுமார் 400 வீடுகள் அழிந்தன, துறைமுகம் பிழைத்தது. ஜூலையில் எரிமலை ஓய்ந்ததும் பெரும்பாலான மக்கள் திரும்பி வந்து மீன்பிடிக்கத் தொடங்கினார்கள். ஹெய்மேயின் வெடிப்பு ஐந்தே மாதம் நீடித்தது, மாண்ட்செராட்டின் வெடிப்பு பதினைந்து ஆண்டு. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பது நியாயமான ஆட்சேபம்தான். நான் ஒப்பிடுவது முதல் ஆறு மாதங்களை மட்டும். அந்த ஆறு மாதத்தில் ஓர் அரசு தன் மக்களின் வீட்டு இழப்பையும் தொழிலையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டது. இன்னொன்று அவர்களுக்குக் கூடாரம் கொடுத்தது.

முகாம் என்ற இன்னோர் ஆபத்து

முகாமையே நிவாரணமாக எண்ணும் பழக்கம் மக்களைக் கொல்லவும் கூடும். பினட்டூபோவின் சரிவுகளில் வாழ்ந்த ஐத்தா பழங்குடியினர் மலையை விட்டு இறக்கப்பட்டபோது, முன்கூட்டியே வெளியேற்றியதற்காக உலகமே பிலிப்பைன்ஸ் அரசையும் விஞ்ஞானிகளையும் பாராட்டியது; பாராட்டத் தகுந்த வேலைதான், பல்லாயிரம் உயிர்கள் பிழைத்தன. வெடித்த அன்றே யுன்யா புயலும் வந்து சேர்ந்ததால், மழையில் ஊறிக் கனத்த சாம்பல் கூரைகளை அமுக்கியது. வெடிப்பில் இறந்தவர்களில் பெரும்பாலோர் இடிந்த கூரைகளின் கீழ் இறந்தவர்கள். அடுப்புச் சாம்பலை மனதில் வைத்துக்கொண்டு இதைப் புரிந்துகொள்ள முடியாது. எரிமலைச் சாம்பல் என்பது பொடித்த பாறையும் கண்ணாடியும். நனைந்த சாம்பல் பத்து சென்டிமீட்டர் படிந்தால் கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டர்மீதும் நூறு கிலோவுக்கு மேல் ஏறிவிடும்.

ஆனால் அதற்குப் பிறகு, மலையிலிருந்து காப்பாற்றப்பட்ட ஐத்தா மக்களில் நூற்றுக்கணக்கானோர் முகாம்களில் தட்டம்மைக்கும் வயிற்றுப்போக்குக்கும் நிமோனியாவுக்கும் பலியானார்கள். பெரும்பாலும் குழந்தைகள். காட்டில் சிதறி வாழ்ந்து, இந்த நோய்களோடு அதிகம் பழகாதவர்களைக் கூடாரங்களில் நெருக்கி வைத்ததன் விளைவு அது. வெளியாட்களின் மருத்துவத்தின் மேல் அவர்களுக்கு நம்பிக்கை இல்லாததும், அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க யாருக்கும் நேரம் இல்லாததும் சேர்ந்துகொண்டன.

காங்கோவின் கோமா நகரத்து மக்கள் இந்தப் பாடத்தைத் தாங்களாகவே படித்திருந்தார்கள். 2002 ஜனவரி 17 அன்று நியிராகோங்கோ மலையின் குழம்பு நகரின் நடுவே ஓடிக் கிவு ஏரியில் விழுந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். லட்சக்கணக்கானோர் எல்லை தாண்டி ருவாண்டாவின் கிசென்யி நகருக்கு ஓடினார்கள். நிவாரண அமைப்புகள் ருவாண்டாவில் முகாம்களைத் தயார்செய்தன. மக்களோ இரண்டு மூன்று நாட்களில், இன்னும் சூடு ஆறாத குழம்புப் படிவின் மேல் நடந்து கோமாவுக்குத் திரும்பிவிட்டார்கள். அப்போது அயல்நாட்டுப் பத்திரிகைகள் இதை வியப்போடு எழுதின. வியக்க ஒன்றுமில்லை. 1994இல் ருவாண்டாவிலிருந்து வந்த அகதிகளின் முகாம்கள் இதே கோமாவில்தான் இருந்தன. தோண்ட முடியாத எரிமலைப் பாறைமேல் கழிப்பறைக்கும் குழியில்லை, பிணத்துக்கும் குழியில்லை. காலராவில் பல்லாயிரம் பேர் சில வாரங்களில் செத்ததை அந்த ஊர் பக்கத்திலிருந்து பார்த்தது. முகாம் என்றால் என்ன என்று நிவாரணப் பணியாளர்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கடையையும் வீட்டையும் கொள்ளைக்கு விட்டுவிட்டு அங்கே போய் உட்காரச் சொன்னால் யார் உட்காருவார்கள்?

2021 மே 22 அன்று அதே மலை மறுபடி பொங்கியது. ஐந்து நாள் கழித்து, நகரின் பத்துப் பகுதிகளை உடனே காலி செய்யும்படி உத்தரவு. சுமார் 4 லட்சம் பேர் சாகே, மினோவா, ருவாண்டா என்று கிளம்பினார்கள். தேவாலயத்திலும் பள்ளியிலும் சாலையோரத்திலும் படுத்தார்கள். மலையைக் கண்காணிக்கும் கோமா ஆய்வகத்துக்கு உலக வங்கி வழியாக வந்த நிதி 2020இல் நின்றுபோய், இணைய இணைப்புக்குக்கூடப் பணமில்லாமல் பல மாதங்கள் அது முடங்கிக் கிடந்திருந்தது. வெடித்த பிறகு உதவிக்கு வந்த பணத்தோடு ஒப்பிட்டால் அந்த இணையக் கட்டணம் எந்த மூலைக்கு?

நிவாரணப் பட்டியலில் இன்னொரு கூட்டமும் விடுபட்டுப்போகும். 2021 ஏப்ரலில் கரீபியனின் செயின்ட் வின்சென்ட் தீவில் லா சூஃப்ரியர் வெடித்தது. மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் நில அதிர்வு ஆய்வு மையம் எச்சரித்ததும், முந்தைய நாளே வெளியேற்ற உத்தரவு வந்தது. வெடிப்பில் நேரடியாக ஓர் உயிரும் போகவில்லை. 1902இல் இதே மலை 1,600 பேரைக் கொன்றது என்பதை வைத்துப் பார்த்தால் எவ்வளவு பெரிய சாதனை! இடம்பெயர்ந்த சுமார் 20,000 பேரில் பாதிக்கும் மேலானோர் முகாமுக்குப் போகவில்லை. அக்கா வீடு, மாமா வீடு, தெரிந்தவர் வீடு. கொரோனா காலம் வேறு. தண்ணீர்க் குழாய்கள் சாம்பலால் அடைபட்டு, அண்டைத் தீவுகளிலிருந்து கப்பலில் குடிநீர் வந்தது. முகாமில் இருந்தவருக்கு அந்தத் தண்ணீர் வாசலுக்கே போனது; நான்கு பேர் வாழ்ந்த வீட்டில் பன்னிரண்டு பேரை வைத்துக்கொண்ட அக்காவைத் தேடிப் போவது அவ்வளவு எளிதாக இல்லை. உலக உணவுத் திட்டமும் அந்த நாட்டு அரசும் சேர்ந்து பின்னர் குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் கொடுத்தது சரியான வழி. மாதக்கணக்கில் உறவினரை வைத்துச் சோறு போடும் வீட்டுக்கும் அதில் ஒரு பங்கு உரிமையோடு போக வேண்டும். செயின்ட் வின்சென்டின் பெயர்பெற்ற கூவைக்கிழங்கு வயல்கள் சாம்பலில் மூழ்கின. அங்கே திரும்பிப் போனவர்களுக்குக் கூரை மட்டும் போதாது, அடுத்த அறுவடைவரை கூலியும் தேவைப்பட்டது.

லாரியில் ஏறிய மாடுகள்

பிழைப்பையும் சேர்த்து நகர்த்துவது நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் இந்தோனேசியாவின் ஜாவாவைப் பார்க்கலாம். மெராபி மலை 2010 அக்டோபர் 26 அன்று வெடிக்கத் தொடங்கியது. நவம்பர் 5 நள்ளிரவில் நெருப்பு மேகம் மலையிலிருந்து 15 கிலோமீட்டருக்கு அப்பாலும் வந்தது. சுமார் 350 பேர் இறந்தார்கள். சுமார் 4 லட்சம் பேர் வெளியேறினார்கள். முன்னெச்சரிக்கை சரியாகவே இருந்தது. அது பல்லாயிரம் பேரைக் காப்பாற்றியது. மலையின் காவலராக அப்பகுதியின் சுல்தானால் நியமிக்கப்பட்டிருந்த முதியவர் ம்பா மரிஜான், இறங்கி வர மறுத்துத் தன் ஊரிலேயே இறந்தது உலகச் செய்தியானது. அந்த ஒரு மனிதரின் பிடிவாதத்தை எல்லாரும் எழுதினார்கள். தினமும் முகாமிலிருந்து கிளம்பி மேலே போய்ப் புல்லறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டு வந்த ஆயிரக்கணக்கானவர்களை எழுதியவர்கள் குறைவு.

மெராபியின் சரிவில் பால்மாடுதான் குடும்பத்தின் வங்கி. முகாமில் மூன்று வேளைச் சோறு கிடைத்தாலும் மாடு மலையில் பசியோடு கத்திக்கொண்டிருக்கும்போது ஆள் எப்படி இறங்கி இருப்பார்? அரசுக்கு இது தாமதமாக உறைத்தது. உறைத்த பிறகு, அதிபர் யுதோயோனோவே மாடுகளை அரசு விலைகொடுத்து வாங்கும், இறந்த மாட்டுக்கும் இழப்பீடு உண்டு என்று அறிவித்தார். கேட்பவர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றிய அறிவிப்பு அது. மனிதர்கள் சாகும்போது மாட்டு வியாபாரமா என்றார்கள். என்னைக் கேட்டால், அந்தப் பேரிடரில் எடுக்கப்பட்ட மிக அறிவார்ந்த நிவாரண முடிவு அதுதான்.

2010க்குப் பிறகு மெராபியைச் சுற்றி ஓர் ஏற்பாடு வளர்ந்தது. மகெலாங் மாவட்டத்தில் ஆபத்தான ஒவ்வொரு மலைக் கிராமத்துக்கும் கீழே பாதுகாப்பான இடத்தில் ஒரு சகோதர கிராமம் நிச்சயிக்கப்பட்டது. மலை குமுறினால் யார் எந்த ஊருக்குப் போவார்கள், அங்கே எந்தக் கட்டடத்தில் தங்குவார்கள் என்பது முன்னதாகவே எழுதப்பட்டிருக்கும். முதியவர் எத்தனை, கைக்குழந்தை எத்தனை, கர்ப்பிணி எத்தனை என்ற விவரம் ஏற்கும் ஊரிடமும் இருக்கும். தெரியாத ஊரின் விளையாட்டரங்கில் முகம் தெரியாதவர்களோடு படுப்பதற்கும், முன்பே விருந்துண்ட ஊரில் போய் இறங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை எந்தத் தாயும் சொல்வாள்.

நிரந்தரமாகக் குடிபெயர்க்கும் திட்டத்தையும் இந்தோனேசிய அரசு வைத்தது. 100 சதுர மீட்டர் மனை, வீடு கட்ட 3 கோடி ரூபியா. பல ஊர்கள் ஒப்புக்கொண்டன. கிளகாஹர்ஜோவின் மேல்பகுதியினர் உள்ளிட்ட சிலர் மறுத்துவிட்டார்கள். புல்லும் மாடும் அங்கேதான் இருக்கின்றன, நாங்களும் அங்கேதான் இருப்போம் என்றார்கள். அரசு அவர்களை வலுக்கட்டாயமாக இறக்காமல் விட்டது குறித்து இருவேறு கருத்துகள் உண்டு. நான் அவர்கள் பக்கம். ஆபத்து என்னவென்று தெரிந்து, எச்சரிக்கை வந்தால் இறங்குவோம் என்று ஒத்துக்கொண்டு வாழ்பவரை, வேலையில்லாத சமவெளிக் குடியிருப்புக்கு விரட்டுவதில் என்ன கருணை இருக்கிறது?

2020 நவம்பரில் எச்சரிக்கை நிலை உயர்த்தப்பட்டபோது அந்தக் கிராமத்தார் முதியவர்களையும் குழந்தைகளையும் முதலில் கீழே அனுப்பினார்கள். கூடவே மாடுகளும் இறங்கின. அவற்றுக்கெனத் தனித் தொழுவம் தயாராக இருந்தது. லாரி வாடகை, தொழுவம், சில மாதத்துக்குத் தீவனம்: மாவட்ட நிர்வாகத்தின் வரவுசெலவில் அடங்கிவிடும் தொகை இது. ஆனால், ஒரு சாதாரண ஆண்டில், மலை சும்மா இருக்கும்போதே இதை ஒதுக்கி வைக்க வேண்டும்.